நின்றால் சுடும் ஏசி

மே மாதப் பகல் ஒரு மணிக்குத் திண்டுக்கல்–பழனி சாலையில் ஓடும் ஒரு பழைய கான்டெஸாவின் ஏசி, வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்வரை ஓரளவு குளிரும். ரெட்டியார்சத்திரம் கடைவீதியில் டவுன் பஸ் ஆள் இறக்கும்போது அதன் பின்னால் இரண்டு நிமிடம் நிற்க நேர்ந்தால், அதே ஏசி வெதுவெதுப்பாக ஊதத் தொடங்கிவிடும். பஸ் விலகி வண்டி வேகமெடுத்ததும் குளிர் திரும்பும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் ஏசிக் குறைகளில் மிகப் பரவலானது இதுதான். இதற்குப் பல பட்டறைகளில் கிடைக்கும் வைத்தியம், "கேஸ் கம்மியா இருக்கு சார், அடிச்சிரலாம்" என்பது. பல சமயம் அந்த வைத்தியம் நோயைக் கூட்டிவிடுகிறது.

ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொல்லைக் கறாராக எடுத்துக்கொண்டால், தமிழ்நாட்டில் ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வேகமாக ஓட்டப் பிடித்தவர்கள் விரும்பி வைத்திருக்கும் செடான்களையும் சேர்த்துக்கொண்டால் பட்டியல் கொஞ்சம் நீளும். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரிக்கத் தொடங்கிய கான்டெஸா, பிரிட்டனின் வாக்ஸால் விஎக்ஸ் காரை அடியொற்றியது. பின்னாளில் இசுஸு 1.8 லிட்டர் எஞ்சின் பெற்று 2002 வரை நீடித்தது. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1985-ல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000, ரோவர் எஸ்டி1-ன் அழகான உடலுக்குள் வேன்கார்டு காலத்து எஞ்சினை உட்காரவைத்த கார். பார்வைக்குப் புலி, ஓட்டத்துக்குப் பசு. 1998-ல் திருவள்ளூர் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வந்தது, அடுத்த ஆண்டு மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகான். இந்தக் கார்களை இன்றும் பாதுகாத்து ஓட்டுகிறவர்கள் எஞ்சினுக்கும் பெயிண்டுக்கும் காட்டும் அக்கறையை ஏசிக்குக் காட்டுவதில்லை. பழைய வண்டியில் இவ்வளவுதான் வரும் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இதைவிட நிறையவே வரும்.

ஊசி போடுமுன் நர்ஸ் கையில் தடவும் ஸ்பிரிட் சில்லென்று இருப்பது அது ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். கார் ஏசி இந்த ஆவியாதலை மூடிய குழாய்க்குள் திரும்பத் திரும்ப நடத்துகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கேஸ் திரவ நிலையிலிருந்து ஆவியாகி, காரின் உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை இழுத்து அழுத்துகிறது. அழுத்த அழுத்த அதன் வெப்பநிலை ஏறுகிறது. முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சரில் அந்தச் சூட்டை வெளிக்காற்று வாங்கிக்கொள்ள, ஆவி மறுபடி திரவமாகிறது. டிரையர் அதிலுள்ள ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளை வழியே திரவம் பீய்ச்சப்பட்டுக் கூலிங் காயிலுக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்றில் ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே உறிஞ்சிய வெப்பமும், அழுத்துவதற்குச் செலவான சக்தியும் சேர்ந்து, மொத்தமும் கண்டன்சர் வழியாக வெளியேறியாக வேண்டும். வெளியேறாத வெப்பம் அழுத்தமாக மாறிக் குழாய்க்குள் நிற்கும்.

கண்டன்சர் வேலை செய்ய வேண்டுமானால் அதற்குள் ஓடும் கேஸ் வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்க வேண்டும். சாதாரணமாக 15 முதல் 20 டிகிரி வரை. கோடையில் திண்டுக்கல் சமவெளியின் நிழல் வெப்பம் 38, 39 டிகிரியைத் தொடும். தார்ச்சாலைக்கு ஓரடி மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடு. ஸ்போர்ட்ஸ் காரின் தாழ்ந்த மூக்கு இழுப்பது அந்தக் காற்றைத்தான். பானெட் தாழ்ந்திருப்பதால் கிரில் ஒடுங்கியிருக்கும், கிரில்லுக்குப் பின்னால் கண்டன்சருக்குக் கிடைக்கும் இடமும் ஒடுங்கியிருக்கும். எஞ்சின் அறையில் கை நுழைக்க இடம் இருக்காது. சூடான காற்று வெளியேற வழி இருக்காது. சாய்ந்த பெரிய முன்கண்ணாடி வெயிலை நேராக உள்ளே விடும். காற்றைக் கிழித்து ஓடுவதற்காகச் செய்த வடிவமைப்பு முழுவதும் ஏசிக்கு எதிரியாக அமைந்துவிடுகிறது. ஐரோப்பிய வடிவத்தை அடியொற்றிய கார்களில் இந்தக் குறை இன்னும் பெரிது. மூலக் கார் பிறந்த நாட்டில் ஏசி ஒரு தேவையாகவே நினைக்கப்படவில்லை.

இதோடு கேஸ் மாறிய கதையும் சேர்ந்துகொள்கிறது. 1990களின் நடுப்பகுதி வரை கார் ஏசிகளில் ஓடியது ஆர்-12. ஓசோன் படலத்தைச் சிதைக்கும் குளோரோபுளோரோகார்பன் குடும்பத்தைச் சேர்ந்தது. 1987-ன் மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 1992-ல் சேர்ந்தது. 2000-ல் விதிகள் வந்தன. 2008 ஆகஸ்டில் இந்தியாவில் இந்த வகைப் பொருள்களின் உற்பத்தி ஏறத்தாழ நின்றது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் வெப்பநிலையும் அழுத்தமும் அதில் வேறு விதமாக இணைகின்றன. கூலிங் காயில் 0 டிகிரியில் இருக்கும்போது ஆர்-12-ன் அழுத்தம் சுமார் 3.1 பார், ஆர்-134ஏவுக்கு 2.9. கண்டன்சர் 60 டிகிரிக்கு ஏறும்போது ஆர்-12 சுமார் 15.2 பார், ஆர்-134ஏ 16.8. குளிர்ந்த பக்கத்தில் சற்றுக் குறைவு, சூடான பக்கத்தில் சற்று அதிகம். கம்ப்ரஸர் அழுத்தவேண்டிய விகிதம் ஏறத்தாழ 5 மடங்கிலிருந்து 5.7 மடங்காகிறது. குளிர்ந்த நாட்டில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. 38 டிகிரி வெயிலில், ஆர்-12-க்காக அளவெடுத்த சிறிய கண்டன்சரோடு, நெரிசலில் நிற்கும் வண்டியில் நன்றாகவே தெரியும்.

வண்டியில் எந்தக் கேஸுக்கான அமைப்பு இருக்கிறது என்று அறிய, கேஸ் ஏற்றும் முனைகளைப் பார்த்தாலே போதும். மரையுள்ள சிறு முனைகள் என்றால் ஆர்-12 காலத்தவை. சொடுக்கி மாட்டும் வழவழப்பான முனைகள் என்றால் ஆர்-134ஏ. மரைமுனைமீது அடாப்டர் திருகியிருந்தால் யாரோ இடையில் மாற்றியிருக்கிறார்கள். எப்படி மாற்றினார்கள் என்பதுதான் அடுத்துத் தெரியவேண்டியது. பழைய கேஸை வெளியேற்றிவிட்டுப் புதியதை அடிப்பது மட்டும் மாற்றமாகாது. ஆர்-12 ஓடிய கம்ப்ரஸரில் மினரல் ஆயில் இருக்கும். அது ஆர்-134ஏவுடன் கலக்காது. கலக்காத ஆயில் கேஸுடன் சுற்றி வராமல் கூலிங் காயிலின் அடியில் தங்கிவிடும், கம்ப்ரஸர் வறண்டு உராயும். எஸ்டர் ஆயிலோ பிஏஜி ஆயிலோ போடவேண்டும். மினரல் ஆயிலின் மிச்சம் கொஞ்சம் இருந்தாலும் எஸ்டர் பொறுத்துக்கொள்ளும் என்பதால், பழைய வண்டிகளுக்கு அதுவே பாதுகாப்பு. டிரையரைப் புதிதாக்க வேண்டும். கறுப்பு நைட்ரைல் ஓ-ரிங்குகளை எடுத்துவிட்டு, பெரும்பாலும் பச்சை நிறத்தில் வரும் எச்என்பிஆர் வகையைப் போடவேண்டும். பழைய ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியே ஆர்-134ஏவின் சிறிய மூலக்கூறு மெல்லக் கசிந்து போகும். உள்ளே நைலான் படலம் உள்ள பேரியர் ஹோஸ் அதைத் தடுக்கும். ஆண்டுதோறும் கேஸ் அடிக்கவேண்டியிருக்கிறது, ஆனால் எங்கும் லீக் தெரியவில்லை என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இந்த ஹோஸ்கள்தான் காரணம்.

அளவும் மாறும். வண்டியின் ஏசி ஸ்டிக்கரில் ஆர்-12-க்கு 900 கிராம் என்று இருந்தால், ஆர்-134ஏவுக்கு அதில் 80 முதல் 90 சதவீதம். அதாவது 720 முதல் 810 கிராம் வரை. இங்கேதான் பழைய மெக்கானிக்குகளின் கண் ஏமாறுகிறது. டிரையரின் தலையில் இருக்கும் சிறு கண்ணாடிச் சாளரத்தில் குமிழி வருவது நின்றால் கேஸ் போதும் என்பது ஆர்-12 காலத்து நியதி. ஆர்-134ஏவில் அளவு சரியாக இருக்கும்போதே சாளரம் பால்போல மங்கித் தெரிவதுண்டு. அது தெளியும்வரை அடித்தால் அளவு மிஞ்சிவிடும். மிஞ்சிய திரவம் கண்டன்சரின் கீழ்க்குழாய்களை அடைத்துக்கொள்ளும், ஆவி குளிர்ந்து திரவமாவதற்கான இடம் குறையும், அழுத்தம் ஏறும், குளிர் குறையும். வாடிக்கையாளர் மறுபடி வந்து நிற்பார், மறுபடி கேஸ் அடிக்கப்படும். எடைபார்க்கும் தராசு வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப் போவது, நல்ல கேஸைத் தேடிப் போவதைவிட முக்கியம்.

கேஸ் ஏற்றுமுன் பம்பால் குழாய்க் காற்றை உறிஞ்சி வேக்கம் போடுவதும் சடங்கு அல்ல. குழாய்க்குள் காற்று நின்றால் அது எந்த அழுத்தத்திலும் திரவமாகாது. கண்டன்சரின் ஒரு பகுதியை ஆக்கிரமித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஈரம் இருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் உறைந்து அடைக்கும். ஆயிலைக் கெடுத்து அமிலமாக்கும். 30 டிகிரியில் தண்ணீர் கொதித்து ஆவியாக அழுத்தம் சுமார் 42 மில்லிபாருக்குக் கீழே இறங்க வேண்டும். சிறு பம்பை ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் முள் இறங்கிவிடும், ஈரம் இறங்காது. முக்கால் மணி நேரமாவது பம்பு ஓட வேண்டும். அதன்பிறகு வால்வை மூடி அரை மணி நேரம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ரெட்டியார்சத்திரம் கடைவீதிக் காட்சிக்குத் திரும்பினால், அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேஜ் செட்டும் ஒரு குடம் தண்ணீரும் போதும். வண்டியை வெயிலில் நிறுத்தி, ஏசியை முழு வேகத்தில் வைத்து, நீல ஹோஸை லோ சைடிலும் சிவப்பை ஹை சைடிலும் மாட்டுகிறார்கள். நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டர் செருகப்படுகிறது. எஞ்சின் ஐடிலிங்கில் நிற்க நிற்கச் சிவப்பு முள் ஏறுகிறது: 230, 260, 290 பிஎஸ்ஐ. ஆர்-134ஏவில் 230 பிஎஸ்ஐ என்றால் கண்டன்சருக்குள் ஏறத்தாழ 60 டிகிரி. 290 என்றால் 70 டிகிரி. நீல முள்ளும் கூடவே மேலே வருகிறது. 36-ல் இருந்தபோது கூலிங் காயில் 5 டிகிரியில் இருந்தது. 50-க்குப் போகும்போது 12 டிகிரிக்கு மேலே. இப்போது கிரில் வழியாகக் கண்டன்சர்மீது தண்ணீரை மெல்லத் தெளிக்கிறார்கள். சிவப்பு முள் கண்ணெதிரே சரிகிறது, நீல முள் பின்தொடர்கிறது, ஒரு நிமிடத்துக்குள் வென்ட்டில் சில்லென்று காற்று வருகிறது. இப்படி நடந்தால் கேஸ், கம்ப்ரஸர், வால்வு எதிலும் பெரிய குற்றமில்லை. கண்டன்சர்மீது காற்று போதவில்லை, அல்லது கண்டன்சரே போதவில்லை. தண்ணீர் தெளித்தும் வென்ட்டில் மாற்றமில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. நீல முள் உயர்ந்தும் சிவப்பு முள் தாழ்ந்தும் நின்றால் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது. இரண்டும் தாழ்ந்திருந்தால்தான், கேஸ் குறைவு என்ற பேச்சுக்கே இடம்.

கண்டன்சருக்குக் காற்றுக் கொடுக்கும் வேலையைச் சுத்தத்திலிருந்து தொடங்கலாம், அதற்குச் செலவே கிடையாது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும் காய்கறி லாரிகளின் பின்னால் செம்மண் புழுதியில் ஓடும் வண்டிகளின் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் மண், பூச்சி, வைக்கோல் துகள், பிளாஸ்டிக் தாள் எல்லாம் சேர்ந்து ஒரு மெத்தை போலப் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டன்சர் பளிச்சென்று இருக்கும். அழுக்கு இருப்பது முதுகுப்புறத்தில். ரேடியேட்டரைக் கழற்றி, பின்னாலிருந்து முன்னால் வரும்படி மெதுவான தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிப்போகும். மடங்கிய தகடுகளை நிமிர்த்தச் சீப்பு போன்ற கருவி கிடைக்கிறது. பொறுமையுள்ளவருக்கு அரை நாள் வேலை.

அடுத்தது இடைவெளிகளை அடைப்பது. காற்று எளிய வழியைத்தான் தேடும். கண்டன்சரின் நாலு பக்கமும் விரல் நுழையும் சந்து இருந்தால், கிரில்லுக்குள் நுழைந்த காற்று அடர்ந்த தகடுகளுக்கு ஊடே போகாமல் அந்தச் சந்து வழியே நழுவிவிடும். வண்டி நிற்கும்போது இதைவிட மோசமானது நடக்கிறது. ரேடியேட்டர் ஃபேன் பின்னால் தள்ளிய சூடான காற்று பம்பருக்கு அடியில் சுற்றி வந்து மறுபடி கண்டன்சருக்குள்ளேயே நுழைகிறது. வெளியே 38 டிகிரி இருக்க, கண்டன்சர் குடிப்பது 55 டிகிரிக் காற்று. தொழிற்சாலையில் பொருத்தியிருந்த ரப்பர் பட்டைகளும் அடியிலிருந்த பிளாஸ்டிக் மடலும் இருபது, முப்பது ஆண்டுகளில் எங்கோ விழுந்து தொலைந்திருக்கும். டிங்கர் வேலை நடந்த வண்டியில் அவை திரும்பப் பொருத்தப்பட்டிருக்கவே மாட்டா. அடர்ந்த ஃபோம் பட்டைகளை வெட்டி ஒட்டி இந்தச் சந்துகளை மூடுவது, கார் ஏசியில் செய்யக்கூடிய மிக மலிவான வேலைகளில் ஒன்று, மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் அதுதான்.

பிறகு ஃபேன். எஞ்சின் பெல்ட்டில் சுழலும் ஃபேன் உள்ள பழைய வண்டிகளில், ஐடிலிங்கில் எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால் ஃபேனும் சோம்பிக் கிடக்கும். காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது மிகக் குறைவாக வரும். மின்சார ஃபேன் ஒன்று இந்தக் குறையைத் தீர்க்கும். ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுக்கும் ஃபேன், முன்னால் நின்று தள்ளும் ஃபேனைவிட நன்றாக வேலை செய்யும். முன்னால் நிற்பது ஓடாத நேரத்தில் தானே காற்றை மறைக்கும். எதுவானாலும் ஷ்ரௌட் எனப்படும் கூண்டு வேண்டும். கூண்டில்லாத 12 அங்குல ஃபேன் தனக்கு எதிரே உள்ள வட்டத்துக்கு மட்டுமே காற்றிழுக்கும், மீதிக் கண்டன்சர் சும்மா நிற்கும். ஏசி கிளட்ச் பிடித்தவுடன் ஃபேனும் ஓடும்படி ரிலே வைத்து வயரிங் செய்ய வேண்டும்.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். ஃபேன் 10 ஆம்பியர், புளோயர் 12, கம்ப்ரஸர் கிளட்ச் 4, இரவானால் ஹெட்லைட் 9. இக்னிஷனும் மற்றவையும் சேர 40-ஐத் தாண்டும். அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர்கள் பல 35 முதல் 45 ஆம்பியர் வரை தருபவை, அதுவும் எஞ்சின் நன்றாகச் சுழலும்போது மட்டும். நின்ற வண்டியில் வோல்ட் சரிந்து, புளோயரும் ஃபேனும் ஒருசேர மந்தமாகும். சில வண்டிகளில் கிளட்ச்சே வழுக்கும். பெரிய ஆல்டர்னேட்டர் போடாமல் பெரிய ஃபேன் போடுவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவதுபோல. ஏசி ஓடும்போது ஐடிலிங்கை 950, 1000 சுற்றுக்கு உயர்த்தும் ஐடில்-அப் அமைப்பு செத்துப்போயிருந்தால் அதையும் உயிர்ப்பிக்க வேண்டும். கம்ப்ரஸருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் அது ஒன்றாக உதவும்.

இவை அத்தனையும் செய்தும் போதவில்லை என்றால் கண்டன்சரையே மாற்றலாம். பழையவை ஒரே குழாய் பாம்புபோல வளைந்து வளைந்து போகும் வகை. இப்போது வருபவை பேரலல் ஃப்ளோ. தட்டையான பல குழாய்கள் இரு பக்கத் தூண்களுக்கு இடையே ஏணிப்படிபோல நிற்கும். அதே அளவு முகப்பில் தெளிவாகவே அதிக வெப்பத்தைக் கொட்டும். அந்த வண்டிக்கென்றே ஒன்று கிடைக்காது. கிரில்லுக்குப் பின்னால் உள்ள இடத்தை அளந்துகொண்டு, நீள அகலம் ஒத்துவரும் வேறொரு காரின் கண்டன்சரைப் பொருத்திக் குழாய் முனைகளை மாற்றுவதுதான் வழக்கம். சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பழைய பாகங்களைத் தேடி அலைபவர்கள் கண்டன்சரை மட்டும் புதிதாக வாங்குவது நல்லது. பழைய கண்டன்சர், கம்ப்ரஸர் உடைந்து உலோகத்தூள் சிதறிய வண்டியிலிருந்து கழற்றியதாக இருந்தால், பேரலல் ஃப்ளோவின் நுண்குழாய்களை எவ்வளவு கழுவினாலும் தூள் முழுதாக வெளியே வராது. புதிய கம்ப்ரஸரையும் தின்றுவிடும். கூடவே ஹை பிரஷர் சுவிட்ச் ஒன்று கட்டாயம். பல ஆர்-12 அமைப்புகளில் அது இருந்ததில்லை. ஃபேன் நின்றுபோன நாளில் சுமார் 30 பாரில் கிளட்ச்சைத் துண்டித்து, ஹோஸ் வெடிக்காமல் காப்பது அதுதான்.

கேபினுக்குள் இருக்கும் எதிரிகள் கண்ணுக்குத் தெரியாதவை. முதலாவது ஹீட்டர். பழைய கார்களில் கூலிங் காயிலுக்குப் பக்கத்திலேயே ஹீட்டர் காயில் இருக்கும். அதற்குள் எஞ்சினின் 85, 90 டிகிரித் தண்ணீர் ஓடும். தண்ணீரை நிறுத்தும் வால்வு திண்டுக்கல் வெயிலில் யாரும் தொடாமலே துருப்பிடித்துப் பாதி திறந்த நிலையில் நின்றிருக்கும். ஒரு பக்கம் குளிர்ந்த காற்றை மறுபக்கம் சூடேற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஏசி ஓடும்போது ஹீட்டர் ஹோஸ்களைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டும் கொதித்தால் வால்வு மூடவில்லை. புது வால்வு கிடைக்காவிட்டால் ஹோஸை வளைத்து எஞ்சினுக்கே திருப்பிவிடலாம். கொடைக்கானல் ஏறுகிறவர்கள் ஹீட்டரை இழந்து வருந்தவேண்டியதில்லை. கண்ணாடியில் படியும் ஆவியை ஏசியே உலர்த்திக் கொடுக்கும்.

இரண்டாவது, வெளிக்காற்றை மூடும் மடல். அதன் ஃபோம் விளிம்பு பொடிந்துபோயிருந்தால் ரீசர்க்குலேஷனில் வைத்தாலும் எஞ்சின் அறைக் காற்று உள்ளே கலக்கும். மூன்றாவது கூலிங் காயிலின் முகத்தில் படிந்த அழுக்கு. கேபின் ஃபில்டர் என்ற ஒன்று அந்தக் கார்களில் கிடையாது. இருபது வருடத் தூசியும் கம்பளி நூலும் ஈரத்தோடு கலந்து காயில்மீது பஞ்சுபோல ஒட்டியிருக்கும். டேஷ்போர்டைக் கழற்றும் வேலை என்பதால் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் புளோயர் முழு வேகத்தில் இரைந்தும் வென்ட்டில் காற்று மெல்ல வந்தால், அந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. காயிலைக் கழற்றிய கையோடு எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். வால்வின் உணர்குமிழைக் குழாயோடு இறுக்கிக் கட்டி, மேலே வெப்பத்தடைப் பட்டை சுற்ற வேண்டும். அது தளர்ந்திருந்தால் வால்வு எஞ்சின் சூட்டை அளந்துகொண்டு கேஸைத் தாறுமாறாக விடும்.

சமவெளியின் வறட்சி இங்கே ஒரு சலுகை தருகிறது. 38 டிகிரி வெப்பமும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கிலோ காற்றை 8 டிகிரிக்குக் குளிர்விக்க ஏறத்தாழ 45 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். கடற்கரை ஊரின் 34 டிகிரி, 65 சதவீத ஈரக் காற்றை அதே 8-க்கு இறக்க ஏறத்தாழ 65 கிலோஜூல் ஆகும். வெப்பநிலை குறைவுதான், ஆனால் காற்றிலுள்ள நீராவியைத் தண்ணீராக்கவே ஏசியின் சக்தியில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. அதனால் கண்டன்சர் பக்கம் சரியாக இருந்தால், சென்னையில் திணறும் அதே ஏசி திண்டுக்கல்லில் நன்றாகக் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் சந்தேகம் மறுபடி மூக்கின் பக்கமே திரும்புகிறது. பங்குனி உத்திரத்துக்குப் பழனி செல்லும் பாதயாத்திரைக் கூட்டத்தின் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது அது நிரூபணமாகிவிடும்.

உள்ளே வரும் வெப்பத்தைக் குறைப்பது ஏசியின் வேலையைக் குறைப்பதற்குச் சமம். நடுப்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 900, 1000 வாட் வெப்பம் கொண்டது. சாய்ந்த முன்கண்ணாடி வழியாக மட்டும் அரை கிலோவாட்டுக்கு மேல் உள்ளே இறங்கும். கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் தீர்ந்தது என்று நினைத்தவர்களுக்கு 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை விடவேண்டும் என்பது விதி. வெப்பத்தைத் தடுக்கும் வகையில் ஆலையிலேயே தயாரித்த, அந்த அளவுக்கு உட்பட்ட கண்ணாடி கிடைத்தால் மாற்றலாம். பழைய மாடல்களுக்குக் கிடைப்பது கடினம். நிறுத்தும்போது முன்கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளி நிறத் தட்டி வைப்பதும் புளியமர நிழல் தேடுவதும் நம்பகமான வழிகள்.

கண்ணாடியைவிட அதிகம் கவனிக்கப்படாதது தரை. கான்டெஸா போன்ற பின்சக்கர ஓட்டக் கார்களில் கியர்பாக்ஸ் டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சுரங்கத்துக்குள் இருக்கிறது, சைலன்சர் குழாய் காலுக்கடியில் போகிறது. கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் அந்தச் சுரங்கத்தின் காற்று நேராகக் கேபினுக்குள் வரும். வயரிங்குக்காக ஃபயர்வாலில் போட்ட துளைகளின் ரப்பர்கள் விழுந்திருந்தால் எஞ்சின் அறையும் கேபினும் ஒன்றாகிவிடும். இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சின் பக்கம் ஒரு டார்ச்சை வைத்துவிட்டு டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால், வெளிச்சம் வரும் இடமெல்லாம் சூடும் வரும் இடம். துளைகளை அடைத்து, கார்ப்பெட்டை எடுத்து, தரையிலும் சுரங்கத்தின்மீதும் பியூட்டைல் ஷீட்டும் அதன்மேல் மூடிய துளை ஃபோமும் ஒட்டினால் கேபினின் குணமே மாறிவிடும். இரைச்சலும் குறையும்.

இந்தத் தொல்லைகள் நம் ஊர்க் கார்களுக்கு மட்டும் உரியவை அல்ல. காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட பழைய போர்ஷே 911-ல் எஞ்சினும் கம்ப்ரஸரும் பின்னால், கூலிங் காயில் முன்னால். ஒரு கண்டன்சர் பின்னால் எஞ்சின் மூடியின் கிரில்லுக்கு அடியில், எஞ்சினின் சூட்டுக்கு மேலேயே. இன்னொன்று முன் மூக்கில். இவற்றை இணைக்க வண்டியின் முழு நீளத்துக்கும் ஹோஸ் போகிறது. ஆர்-12 காலத்து ரப்பர் ஹோஸ் அவ்வளவு தூரம் ஓடினால் கேஸ் எவ்வளவு கசியும் என்று கணக்கிட வேண்டியதே இல்லை. அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் உலகெங்கும் செய்வதும் இதே வேலைகள்தான்: பேரியர் ஹோஸ், பேரலல் ஃப்ளோ கண்டன்சர், சக்கரக் கூண்டுக்குள் ஃபேனோடு கூடுதலாக ஒரு கண்டன்சர், வேகமான புளோயர்.

செலவு செய்யும் வரிசையில் அவசரம் கூடாது. சுத்தம், சந்துகளை அடைத்தல், ஹீட்டரைத் துண்டித்தல், எடைபார்த்துக் கேஸ் ஏற்றுதல் ஆகிய நான்கும் முடிந்தபின் தெர்மாமீட்டரை மறுபடி வென்ட்டில் செருகிப் பார்க்க வேண்டும். ஓடும்போது 8, 10 டிகிரியும் நிற்கும்போது 14, 15 டிகிரியும் வந்தால் இந்த வெயிலுக்கு அது கௌரவமான எண். அதற்கு மேலே இருந்தால் ஃபேன், பிறகு கண்டன்சர், கடைசியாகக் கம்ப்ரஸர். பலர் தலைகீழாகக் கம்ப்ரஸரிலிருந்து தொடங்குகிறார்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத கேஸ் டின்களையும் தவிர்க்க வேண்டும். ஆர்-134ஏ என்ற பெயரில் மீத்தைல் குளோரைடு கலந்த போலிகள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன; அது அலுமினியத்தோடு வினைபுரிந்து கம்ப்ரஸரை அரிக்கும், சில சமயம் தீப்பிடிக்கவும் செய்யும். எரிவாயு சிலிண்டர் கேஸை ஏசியில் அடிக்கும் துணிச்சல்காரர்களைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

வேலை முடிந்த ஏசியை ஐப்பசி மழையில் மறந்துவிடக் கூடாது. கம்ப்ரஸரின் தண்டைச் சுற்றியிருக்கும் சீல், கேஸோடு சுழலும் ஆயிலில் நனைந்தபடி இருந்தால்தான் மிருதுவாக இருக்கும். மூன்று நான்கு மாதம் ஓடாமல் நின்றால் அது உலர்ந்து சுருங்கும். பங்குனியில் முதல்முறை போடும்போது கேஸ் அந்த வழியாகத்தான் போயிருக்கும். வாரத்துக்கு ஒருமுறை, வெளியே குளிராக இருந்தாலும், பத்து நிமிடம் ஏசியை ஓடவிட வேண்டும்.